விசுவாசத்தை உலுக்கும் வாசிப்பு: எதை, எந்த வரிசையில், எப்படி?

உங்கள் கேள்வியின் சாரம் இதுதான். பல ஆண்டுகளாகச் சபையோடு ஒன்றி வாழ்கிறீர்கள். தினமும் காலையில் தியான நூல் ஒன்றில் ஒரு பக்கம் வாசிக்கிறீர்கள். ஆனால் வாசிப்பதெல்லாம் ஏற்கெனவே தெரிந்ததையே மறுபடியும் சொல்வதாகத் தோன்றுகிறது. உங்களை உலுக்கி, அதே வேளையில் விசுவாசத்தை ஆழமாக்கும் நூல்கள் எவை என்று கேட்கிறீர்கள். அப்படி வாசிக்கப்போய் இருக்கிற விசுவாசமும் கைவிட்டுப் போய்விடுமோ என்று அஞ்சுகிறீர்கள். இவற்றைத் தனியாக வாசிப்பதா, யாருடனாவது சேர்ந்து வாசிப்பதா என்றும் அறிய விரும்புகிறீர்கள்.

முதலில் அச்சத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் அது நியாயமானது. வாசிப்பின் வழியாக விசுவாசத்தை இழந்தவர்கள் உண்டு; அதை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது. ஆனால் நான் பார்த்த வரையில், கடினமான கேள்விகளை வாசித்ததால் இடறியவர்களைவிட, அந்தக் கேள்விகளைக் கேட்கவே கூடாது என்று போதிக்கப்பட்டு, பிறகு ஒருநாள் அவற்றைத் துணையில்லாமல் எதிர்கொள்ள நேர்ந்தபோது இடறியவர்களே அதிகம். மாற்கு சுவிசேஷத்தின் 9-ஆம் அதிகாரத்தில், நோயுற்ற மகனைக் கொண்டுவந்த தகப்பன் ஒருவன், "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்று கண்ணீரோடு கதறுகிறான். சந்தேகத்தைத் தீர்த்துக்கொண்டு பிறகு வா என்று இயேசு அவனைத் திருப்பி அனுப்பவில்லை. விசுவாசமும் அவிசுவாசமும் ஒரே வாயிலிருந்து ஒரே மூச்சில் வந்த அந்த வேண்டுதலை ஏற்று, மகனைக் குணமாக்கினார். அந்தத் தகப்பன் நின்ற இடத்திலேயே நீங்களும் நின்று வாசிக்கலாம்.

ஒரு நூல் நம்மைச் சோதிக்கிறது என்றால் எதைச் சோதிக்கிறது என்பதையும் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். பெரும்பாலோர் இந்தச் சொல்லைக் கேட்டவுடன் அறிவு சார்ந்த கேள்விகளையே நினைக்கிறார்கள்: கடவுள் இருக்கிறாரா, இந்தப் புத்தகத்தை எழுதியவர் யார், இது உண்மையில் நடந்ததா என்பன போன்றவை. அவை மதிக்கத்தக்க கேள்விகளே. ஆனால் நம் கருத்துகளைத் தொடும் கேள்விகளைவிட நம் வாழ்க்கையைத் தொடும் கேள்விகள் கடினமானவை என்பது என் உறுதியான எண்ணம். நீ அறிக்கையிடும் விசுவாசத்துக்கும் நீ வாழும் வாழ்க்கைக்கும் இடையில் ஏன் இவ்வளவு தூரம் என்று கேட்கும் நூலை நம்மில் பலர் மெதுவாக ஒதுக்கிவைத்துவிடுகிறோம். அதற்குப் பதிலாகக் கடவுள் இருப்பதற்கான வாதங்களை அலசும் நூலைப் பத்து முறை வாசிக்கத் தயாராக இருக்கிறோம், ஏனெனில் அது நம்மிடம் எதையும் மாற்றச் சொல்வதில்லை. நீங்கள் தேடும் ஆழம் பெரும்பாலும் நம்மைக் கேள்வி கேட்கும் நூல்களில்தான் கிடைக்கும். கீழே நான் பரிந்துரைப்பவற்றை இந்த எண்ணத்தோடு பாருங்கள்.

வேதாகமத்துக்கு வெளியே போவதற்கு முன்பு, அதற்குள்ளேயே நாம் தொடாமல் விட்ட பகுதிகளுக்குப் போக வேண்டும். அதிலும் யோபு புத்தகம் முதன்மையானது. யோபு என்றவுடன் நம் நினைவுக்கு வருவது முதல் அதிகாரத்தின் "கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார்" என்ற வசனமும், கடைசி அதிகாரத்தில் அவருக்கு எல்லாம் இரட்டிப்பாகத் திரும்பக் கிடைத்ததும்தான். இந்த இரண்டுக்கும் நடுவில் ஏறத்தாழ 40 அதிகாரங்கள் இருக்கின்றன. அவற்றில் யோபு தான் பிறந்த நாளைச் சபிக்கிறார். தேவனை நியாயஸ்தலத்துக்கு அழைக்கிறார். ஆறுதல் சொல்ல வந்த நண்பர்களை "அலட்டுண்டாக்குகிற தேற்றரவாளர்" என்று கடிந்துகொள்கிறார். பொறுமைக்கு உதாரணமாகக் காட்டப்படும் அந்த மனிதர் இந்த அதிகாரங்களில் பொறுமையாகப் பேசவே இல்லை.

நண்பர்கள் பேசுவதைத் தனியாக எடுத்துப் படித்தால் அவை நல்ல பிரசங்கங்களாகவே ஒலிக்கும். தேவன் நீதியுள்ளவர், அவர் துன்மார்க்கரைத் தண்டிக்கிறார், மனம் திரும்பினால் மீண்டும் கட்டியெழுப்புவார் என்கிறார்கள். இவற்றில் எந்த வாக்கியத்தை மறுக்க முடியும்? ஞானிகளைத் தேவன் அவர்களுடைய தந்திரத்திலே பிடிக்கிறார் என்று அந்த நண்பர்களில் ஒருவரான எலிப்பாஸ் 5-ஆம் அதிகாரத்தில் சொன்னதைப் பவுல் அப்போஸ்தலன் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தில் வேதவாக்கியமாகவே மேற்கோள் காட்டுகிறார். அப்படியிருந்தும் புத்தகத்தின் முடிவில் தேவன் அதே எலிப்பாசை நோக்கி, என் தாசனாகிய யோபு பேசியதுபோல நீங்கள் என்னைக் குறித்து நிதானமாய்ப் பேசவில்லை என்று கோபிக்கிறார். சரியான உபதேசத்தைச் சொன்னவர்கள் கடிந்துகொள்ளப்படுகிறார்கள். தேவனோடு வழக்காடியவர் சரியாகப் பேசியவராக அறிவிக்கப்படுகிறார். வேறுபாடு எங்கே இருக்கிறது என்று தேடினால் ஒன்று தெரிகிறது: நண்பர்கள் தேவனைப் பற்றி யோபுவிடம் பேசினார்களே தவிர, தேவனிடம் ஒரு வார்த்தையும் பேசவில்லை. யோபுவோ, குற்றம் சாட்டியபோதும்கூட, அவரிடமே திரும்பத் திரும்பப் பேசினார். அந்த நண்பர்கள் உருப்படியாகச் செய்த ஒரே காரியம், முதல் ஏழு நாளும் வாய் திறவாமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்ததுதான்.

இதை வாசித்த பிறகு, துக்கத்தில் இருப்பவர்களிடம் நாம் இதுவரை என்னவெல்லாம் சொல்லியிருக்கிறோம் என்று நினைத்துப் பார்க்காமல் இருக்க முடியாது. நான் சொல்லும் சோதனை இதுதான். இன்னும் ஒன்று: 38 முதல் 41 வரையுள்ள அதிகாரங்களில் தேவன் பேசும்போது, யோபு ஏன் துன்பப்பட்டார் என்ற கேள்விக்கு அவர் பதில் சொல்வதே இல்லை. முதல் இரண்டு அதிகாரங்களில் பரலோகத்தில் நடந்த உரையாடலை வாசகர்களாகிய நாம் அறிவோம். யோபு கடைசிவரை அதை அறியவில்லை. பதில் கிடைக்காமலே அவருடைய மனம் அமைதி கொள்கிறது. இது எனக்கு இன்றும் முழுமையாக விளங்காத இடம். விளங்கிவிட்டது என்று சொல்லும் விளக்கவுரைகளைக் கொஞ்சம் எச்சரிக்கையோடு வாசியுங்கள்.

யோபுவைத் தொடர்ந்து 88-ஆம் சங்கீதத்தை வாசிக்கலாம். புலம்பல் சங்கீதங்கள் பலவும் கடைசியில் துதிக்குத் திரும்பிவிடும், இது திரும்புவதில்லை. நண்பர்களும் தோழர்களும் விலகிப்போன இருளிலேயே அது முடிந்துவிடுகிறது. அந்தச் சங்கீதத்தை ஜெபப் புத்தகத்திலிருந்து யாரும் நீக்கவில்லை, நம்பிக்கையூட்டும் ஒரு வரியைக் கடைசியில் ஒட்டவைக்கவும் இல்லை என்பதே பெரிய செய்தி. பிரசங்கியும் ஆபகூக்கும் இதே வரிசையில் வருபவை.

மாற்கு சுவிசேஷத்தை ஒரே அமர்வில், முதல் அதிகாரத்திலிருந்து முடிவுவரை வாசித்துப் பாருங்கள். ஏறத்தாழ இரண்டு மணி நேரத்துக்குள் முடித்துவிடலாம். சீஷர்கள் எத்தனை முறை விளங்கிக்கொள்ளத் தவறுகிறார்கள் என்பது அப்போதுதான் உறைக்கும். 4-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த சினாய், வத்திக்கான் கையெழுத்துப் பிரதிகளில் இந்தச் சுவிசேஷம் 16-ஆம் அதிகாரம் 8-ஆம் வசனத்தோடு, கல்லறையிலிருந்து நடுங்கி ஓடிய பெண்கள் பயத்தினால் ஒருவருக்கும் ஒன்றும் சொல்லாமல் போனார்கள் என்பதோடு நின்றுவிடுகிறது என்பதையும் அறிந்துகொள்ளுங்கள். இத்தகைய தகவலை எதிரியின் வாயிலிருந்து முதன்முறையாகக் கேட்பதைவிட, குறிப்புகளோடு கூடிய நல்ல ஆய்வு வேதாகமத்திலிருந்து அமைதியாகத் தெரிந்துகொள்வது மேல். உயிர்த்தெழுந்தவரைக் குறித்த சாட்சி, பவுல் அதற்கு முன்பே எழுதிய 1 கொரிந்தியர் 15-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. அது, நம் வேதாகமங்களில் மாற்கு 16:8-க்குப் பின் வரும் கடைசி வசனங்களை மட்டும் நம்பி நிற்கவில்லை. அறிவு சார்ந்த கேள்விகளில் பாதிக்கு மேல் இப்படிப் பொறுமையாகப் படித்தால் தம் அளவுக்குச் சுருங்கிவிடும்.

வேதாகமத்துக்கு வெளியே ஒரே ஒரு நூலைச் சொல்லச் சொன்னால், அகுஸ்தீனுடைய 'அறிக்கைகள்' என்ற நூலையே சொல்வேன். வட ஆப்பிரிக்காவில் 354-இல் பிறந்து, ஹிப்போ நகரின் ஆயராகி, 430-இல் மறைந்தவர் அவர். ஏறத்தாழ 397-க்கும் 400-க்கும் இடையில், ஆயரான பிறகு எழுதிய நூல் இது. 13 பகுதிகள் கொண்ட இந்த நூல் முழுவதும் தேவனை முன்னிலைப்படுத்தியே எழுதப்பட்டிருக்கிறது. நாம் வாசிக்கிறோம் என்பதைவிட, ஒருவர் ஜெபிப்பதைக் கேட்டுக்கொண்டிருக்கிறோம் என்பதே பொருந்தும். தன் வரலாற்றை எழுதும் ஒருவர் வாசகரைப் பார்த்து எழுதும்போது தன்னை நியாயப்படுத்திக்கொள்ளும் ஆசை வந்துவிடும். எல்லாவற்றையும் ஏற்கெனவே அறிந்தவரிடம் பேசும்போது அந்த ஆசைக்கு இடமில்லை. நூலின் நேர்மை அங்கிருந்துதான் வருகிறது.

உங்கள் கேள்விக்கு இந்த நூல் இன்னொரு வகையிலும் நெருக்கமானது: இது வாசிப்பைப் பற்றிய நூலும்கூட. 19-ஆவது வயதில் ரோமானியச் சொற்பொழிவாளர் சிசரோவின் நூல் ஒன்றை வாசித்து ஞானத்தின்மீது ஆசை கொள்கிறார் அகுஸ்தீன். உடனே வேதாகமத்தை எடுத்துப் பார்க்கிறார். சிசரோவின் நடைக்கு முன்னால் அது மட்டமாகத் தோன்றவே மூடிவைத்துவிடுகிறார். பிறகு பல ஆண்டுகள், உலகை ஒளிக்கும் இருளுக்கும் இடையிலான போராகக் கண்ட மானிகேயருடைய போதனையோடு அலைகிறார். மிலான் நகரில் அம்புரோசு ஆயரின் பிரசங்கங்கள் பழைய ஏற்பாட்டை வேறு விதமாக வாசிக்க முடியும் என்று காட்டுகின்றன. பிளாட்டோ வழிவந்தவர்களின் நூல்களில் ஆதியிலே இருந்த வார்த்தையைக் காண்கிறார். அந்த வார்த்தை மாம்சமானார் என்பதை மட்டும் அங்கே காணவில்லை என்று 7-ஆம் பகுதியில் எழுதுகிறார். கிறிஸ்தவரல்லாதவர்களின் நூல்களை எவ்வளவு நன்றியோடும் எவ்வளவு விழிப்போடும் வாசிக்கலாம் என்பதற்கு இந்த ஒரு பக்கத்தைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

386-இல் தோட்டத்தில் நடந்தது எல்லோருக்கும் தெரிந்த கதை: "எடுத்து வாசி" என்று ஒரு குழந்தையின் குரல் கேட்க, ரோமருக்கு எழுதிய நிருபத்தின் 13-ஆம் அதிகாரத்தைத் திறந்து இரண்டு வசனங்களை வாசித்து மனம் மாறினார். ஆனால் அதற்குச் சற்று முன்னால் நடந்ததைப் பலர் கவனிப்பதில்லை. வீட்டுக்கு வந்த பொன்திசியான் என்ற நண்பர், விளையாட்டு மேசைமேல் கிடந்த புத்தகம் பவுலின் நிருபங்கள் என்று கண்டு மகிழ்ந்து பேச்சைத் தொடங்குகிறார். எகிப்தின் துறவி அந்தோணியாரின் வாழ்க்கை வரலாற்றைத் தற்செயலாக வாசித்த அரசு அதிகாரிகள் இருவர் அந்த இடத்திலேயே பதவியைத் துறந்ததைச் சொல்கிறார். அந்த அந்தோணியாரோ, உனக்கு உண்டானவற்றை விற்றுத் தரித்திரருக்குக் கொடு என்ற சுவிசேஷப் பகுதி ஆலயத்தில் வாசிக்கப்பட்டபோது, அது தனக்கே சொல்லப்பட்டது என்று எடுத்துக்கொண்டவர். ஒருவர் கேட்ட வசனம், அவருடைய கதையை வாசித்த இருவர், அந்த இருவரின் கதையைக் கேட்ட அகுஸ்தீன் என்று நீளும் இந்தச் சங்கிலியில் யாரையும் மாற்றியது புதிய தகவல் அல்ல. ஏற்கெனவே தெரிந்திருந்த வார்த்தை தங்களை நோக்கிச் சொல்லப்படுகிறது என்று உணர்ந்ததுதான் அவர்களுக்கு நேர்ந்தது. உங்கள் தியான நூல்கள் தெரிந்ததையே சொல்கின்றன என்பது உங்கள் குறை. இதைப் படித்தபின் அந்தக் குறையையே வேறு விதமாகப் பார்ப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

பத்தாம் பகுதியைத் தவறவிடாதீர்கள். மனமாற்றக் கதை முடிந்து, ஆயராக இருக்கும் நிகழ்காலத்திலும் தன்னை இழுக்கும் ஆசைகளையும் புகழ்ச்சிக்கு மயங்கும் மனத்தையும் ஒளிவுமறைவில்லாமல் எழுதுகிறார். சாட்சி என்றால் பழைய பாவங்களைச் சொல்வது என்று பழகிப்போன நமக்கு இது புதிது. 11 முதல் 13 வரையுள்ள பகுதிகள் காலம், படைப்பு பற்றிய கனமான சிந்தனைகள். முதல் வாசிப்பில் அவற்றை விட்டுவிட்டுப் பிறகு திரும்பலாம்.

அடுத்து, கிறிஸ்தவ விசுவாசத்தைக் கிறிஸ்தவர்களே எப்படிக் கெடுத்தார்கள் என்று சொல்லும் ஒரு நூலை அவசியம் வாசிக்க வேண்டும். அமெரிக்காவின் மேரிலாந்தில் அடிமையாகப் பிறந்து, 1838-இல் தப்பியோடிய பிரெடரிக் டக்ளஸ் 1845-இல் வெளியிட்ட தன்வரலாறு அத்தகையது. சிறிய நூல், ஆனால் அதன் 9-ஆம் அதிகாரத்தைப் படித்தவர்கள் மறக்க மாட்டார்கள். டக்ளஸின் எஜமான் 1832-இல் மெதடிஸ்ட் கூடாரக் கூட்டம் ஒன்றில் மனந்திரும்புகிறான். இனி அடிமைகளை விடுவிப்பான், இல்லாவிட்டால் இரக்கமாவது காட்டுவான் என்று டக்ளஸ் எதிர்பார்க்கிறார். அவன் காலையும் பகலும் இரவும் ஜெபிக்கிறான், சபையில் பொறுப்புக்கு வருகிறான், முன்பைவிடக் கொடியவனாகிறான். கைகள் தீயில் கருகி ஊனமுற்ற இளம்பெண் ஒருத்தியைக் கட்டிவைத்து, இரத்தம் வழிய அடித்துக்கொண்டே, எஜமானுடைய சித்தத்தை அறிந்தும் அதன்படி செய்யாத ஊழியக்காரன் அநேக அடிகள் அடிக்கப்படுவான் என்ற வசனத்தைச் சொல்கிறான். அடிமைகளுக்குப் புதிய ஏற்பாட்டை வாசிக்கக் கற்றுக்கொடுக்கத் தொடங்கிய ஓய்வுநாள் பள்ளியைத் தடிகளோடு வந்து கலைத்தவர்களில் சபையின் வகுப்புத் தலைவர்களும் இருந்தார்கள்.

அந்த வசனம் லூக்கா 12-ஆம் அதிகாரத்தின் 47-ஆம் வசனம். வேதாகமத்தைத் திறந்து அதற்கு இரண்டு வசனம் மேலே பாருங்கள். எஜமான் வரத் தாமதிக்கிறார் என்று எண்ணி, வேலைக்காரரையும் வேலைக்காரிகளையும் அடிக்கத் தொடங்கும் ஊழியக்காரனைப் பற்றி 45-ஆம் வசனம் சொல்கிறது. அந்த உவமையில் தண்டனைக்கு உரியவன் அவன்தான். அந்த மனிதன் தன்னையே குற்றவாளியாக்கும் பகுதியிலிருந்து ஒரு வரியைப் பிய்த்தெடுத்து, அதை ஒரு பெண்ணின் முதுகின்மேல் பயன்படுத்தியிருக்கிறான். அவனுக்கு வாசிக்கத் தெரியாமல் இல்லை, தினமும் வாசித்தவன். இங்கே நின்று யோசிக்க வேண்டியது அவனைப் பற்றி அல்ல. எனக்கு வசதியான வசனங்கள் எவை, அவற்றை யாருக்கு எதிராகச் சொல்கிறேன், அவற்றுக்கு இரண்டு வசனம் மேலே என்ன இருக்கிறது என்பதுதான். நூலின் பின்னிணைப்பில் டக்ளஸ், தான் நேசிப்பது கிறிஸ்துவின் தூய்மையான மார்க்கத்தை என்றும், அதை நேசிப்பதனாலேயே அடிமைகளை வைத்திருக்கும் அந்த நாட்டின் மார்க்கத்தை வெறுப்பதாகவும் எழுதுகிறார். விசுவாசத்தை விடாமல் விசுவாசிகளைக் கண்டிப்பது எப்படி என்பதற்கு ஆமோஸ் தீர்க்கதரிசியின் 5-ஆம் அதிகாரத்தோடு சேர்த்து வைத்து வாசிக்கத்தக்க பக்கங்கள் அவை.

இதற்குப் பிறகு ஜெர்மானியப் போதகர் டீட்ரிக் போன்ஹோஃபர் 1937-இல் சீஷத்துவம் பற்றி வெளியிட்ட நூலை வாசித்தால் அது சரியான இடத்தில் விழும். மனந்திரும்புதல் இல்லாத மன்னிப்பையும் சிலுவை இல்லாத கிருபையையும் மலிவான கிருபை என்று அவர் பெயரிட்டார். நாஜி ஆட்சியில் சபை பணிந்துபோன நாட்களில், மலைப்பிரசங்கத்தைச் சொன்னது சொன்னபடி எடுத்துக்கொள்ள வேண்டும் என்று எழுதிய நூல் அது. ஆனால் அதோடு நிறுத்திவிடாமல் அவருடைய சிறைக் கடிதங்களையும் படியுங்கள். ஹிட்லரைக் கொல்லும் முயற்சி தோல்வியடைந்ததற்கு மறுநாள், 1944 ஜூலை 21 அன்று எழுதிய கடிதத்தில், அந்த நூலில் இருந்த ஆபத்துகளை இப்போது காண்கிறேன், ஆனாலும் எழுதியதன்மேல் நிற்கிறேன் என்கிறார். 1945 ஏப்ரல் 9 அன்று அவர் தூக்கிலிடப்பட்டார். தான் எழுதியதையே மறுபடி சோதித்துப் பார்க்கும் ஒருவரிடமிருந்து கற்பது நம்மை அடிமைப்படுத்தாது.

துன்பத்தைப் பற்றிய வாசிப்பில், ஆங்கில எழுத்தாளர் சி. எஸ். லூயிஸ் எழுதிய இரண்டு நூல்களை அடுத்தடுத்து வாசிப்பது பயனுள்ளது. 1940-இல் வெளியான முதல் நூல் வலி என்னும் சிக்கலை நிதானமாக, தர்க்கமாக அலசுகிறது. 1960-இல் அவருடைய மனைவி ஜாய் புற்றுநோயால் இறந்தார். அடுத்த ஆண்டு வேறு பெயரில் வெளியான துக்கக் குறிப்புகள் ஒரு மனிதன் உடைந்து கிடப்பதைக் காட்டுகின்றன. கடவுளை நம்பாமல் போய்விடுவேனோ என்பதைவிட, அவரைப் பற்றிக் கொடூரமானவற்றை நம்பத் தொடங்கிவிடுவேனோ என்பதே தன் அச்சம் என்று அதில் எழுதுகிறார். முதல் நூல் பொய்யாகிவிட்டதா என்று கேட்டால், இல்லை என்பேன். ஆனால் முதல் நூலை மட்டும் வாசித்தவர் துக்க வீட்டுக்குப் போகாமல் இருப்பது நல்லது.

விசுவாசத்தை மறுத்தவர்களின் நூல்களை வாசிக்கலாமா? வாசிக்கலாம்; ஆனால் அவற்றுக்கு மறுப்பு எழுதும் மனநிலையில் அல்ல. மனிதன் தன் இயல்பையே வானத்தில் எறிந்து அதைக் கடவுள் என்று வணங்குகிறான் என்று 1841-இல் ஜெர்மானியத் தத்துவ ஆசிரியர் ஃபாயர்பாக் எழுதினார். இதைக் கேட்டவுடன் பதில் தேடி ஓடாமல், நான் வணங்குகிறவருக்கு என் விருப்பங்களும் என் வெறுப்புகளும் எவ்வளவு அப்படியே பொருந்தியிருக்கின்றன என்று ஒரு வாரம் கவனித்துப் பாருங்கள். விக்கிரகங்களைக் குறித்துத் தீர்க்கதரிசிகள் சொன்னதற்கு இது வெகு தொலைவில் இல்லை. மார்க்ஸ், நீட்சே, பிராய்டு ஆகியோரை, ஈஸ்டருக்கு முந்தைய தபசு காலத்தில் தன்னாய்வுக்காக வாசிக்கலாம் என்று மெரோல்ட் வெஸ்ட்ஃபால் என்ற கிறிஸ்தவத் தத்துவ ஆசிரியர் 1993-இல் ஒரு நூலே எழுதினார். அந்த யோசனை எனக்கு மிகவும் உகந்தது.

இவர்கள் எல்லோரையும்விட வலுவான எதிர்வாதம் ஒரு விசுவாசியின் கையால் எழுதப்பட்டது. ரஷ்ய எழுத்தாளர் தஸ்தயேவ்ஸ்கியின் 'கரமசோவ் சகோதரர்கள்' நாவலில், குழந்தைகள் படும் துன்பத்தை அடுக்கி, இந்த விலையில் கிடைக்கும் நித்திய இசைவு எனக்கு வேண்டாம், என் நுழைவுச் சீட்டைத் திருப்பிக் கொடுக்கிறேன் என்று அந்தச் சகோதரர்களில் ஒருவனான இவான் சொல்கிறான். நாவல் 1879 முதல் 1880 வரை தொடராக வெளிவந்தது. அதற்குச் சற்று முன், 1878-இல், தஸ்தயேவ்ஸ்கியின் மூன்று வயது நிறையாத மகன் இறந்திருந்தான். இவானுக்கு அவர் வாதத்தால் பதில் சொல்லவில்லை. அடுத்த பகுதியில் துறவி சோசிமாவின் வாழ்க்கையை வைத்தார். அது போதுமான பதிலாகுமா என்று கடிதத்தில் கவலைப்பட்டும் எழுதினார். போதுமா என்பதை நீங்களே வாசித்துத் தீர்மானிக்க வேண்டும். எதிர்த்தரப்பை இவ்வளவு நியாயமாக எழுத முடிந்த ஒருவருடைய விசுவாசம் எனக்குப் பெரிய பலமாக இருந்திருக்கிறது.

இனி, எப்படி வாசிப்பது. 6-ஆம் நூற்றாண்டில் பெனடிக்ட் தம் துறவிகளுக்கு வகுத்த விதியின் 48-ஆம் அதிகாரம், தபசு காலத் தொடக்கத்தில் ஒவ்வொருவருக்கும் நூலகத்திலிருந்து ஒரு நூல் கொடுக்க வேண்டும், அதை அவர் தொடக்கத்திலிருந்து முழுமையாக வாசிக்க வேண்டும் என்கிறது. ஒரு நூல், முழுமையாக. துண்டு துண்டாக மேற்கோள்களை மட்டும் வாசிக்கும் பழக்கம்தான் யோபுவின் நண்பர்களையும் டக்ளஸின் எஜமானையும் உருவாக்கியது என்று நினைக்கிறேன். 12-ஆம் நூற்றாண்டின் கார்த்தூசியத் துறவி இரண்டாம் கீகோ, வாசித்தல், சிந்தித்தல், ஜெபித்தல், தரிசித்தல் என்று நான்கு படிகள் கொண்ட ஏணியாக இதை விவரித்தார். நடைமுறையில் நான் பரிந்துரைப்பது எளியது: உங்களுக்குச் சினமூட்டிய வரியைக் குறித்துவையுங்கள், அன்றைய ஜெபத்தில் அந்த வரியை அப்படியே தேவனிடம் சொல்லுங்கள். மனதைத் தொட்ட வரியை எல்லோரும் அடிக்கோடிடுகிறோம். சினமூட்டிய வரிதான் நாம் எதைக் காப்பாற்றத் துடிக்கிறோம் என்பதைக் காட்டிக்கொடுக்கும்.

பழைய நூல்களுக்கு இடம் கொடுங்கள். ஒரு புதிய நூலை முடித்தால் அடுத்த புதிய நூலுக்கு முன் ஒரு பழையதை வாசிக்க வேண்டும் என்று லூயிஸ், 4-ஆம் நூற்றாண்டு ஆயர் அத்தனாசியுவின் நூலொன்றின் மொழிபெயர்ப்புக்கு எழுதிய முன்னுரையில் சொன்னார். ஒவ்வொரு காலத்துக்கும் அதற்கே உரிய குருட்டுத்தன்மை உண்டு. நம்முடையதை நம் காலத்து நூல்கள் காட்டாது.

ஓர் எச்சரிக்கையும் தேவை. அண்மையில் பேரிழப்புக்கு ஆளானவர்களும், மனச்சோர்வில் தூக்கமின்றித் தவிப்பவர்களும் இவானையும் ஃபாயர்பாக்கையும் இப்போது எடுக்க வேண்டியதில்லை. அவர்களுக்குச் சங்கீதங்கள் போதும். உடனிருக்க ஒரு மனிதரும், தேவையானால் மருத்துவரும் வேண்டும். விசுவாசத்தைச் சோதித்துக்கொள்வது கடமை என்று நினைத்து யாரும் தன்னைத் தானே வதைத்துக்கொள்ளக் கூடாது.

தனியாகவா, சேர்ந்தா என்ற உங்கள் கடைசிக் கேள்விக்கு வருகிறேன். வாசிப்பது தனியாக இருக்கட்டும். பேசுவதற்கு ஒருவராவது இருக்கட்டும். தோட்டத்தில் அகுஸ்தீன் மேலே வாசிக்கத் தேவையில்லை என்று புத்தகத்தை மூடியபோது, அருகிலிருந்த நண்பர் அலிப்பியு அதை வாங்கி அடுத்த வசனத்தைப் பார்த்தார். விசுவாசத்தில் பலவீனமுள்ளவனைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று அது தொடங்குகிறது. அதைத் தனக்கென எடுத்துக்கொண்டு அவரும் கூடவே நடந்தார். நண்பருக்குப் பேசிய வசனம் வேறு, அவருக்குப் பேசியது வேறு. அதனால் துணையைத் தேர்ந்தெடுக்கும்போது உங்களோடு எல்லாவற்றிலும் ஒத்துப்போகிறவரைத் தேடாதீர்கள். நீங்கள் சந்தேகத்தை வெளிப்படையாகச் சொன்னால் அதிர்ச்சியடையாதவர், அதே வேளையில் ஜெபிப்பதை விடாதவர் போதும். போதகர் அப்படிப்பட்டவராக இருந்தால் நன்று. இல்லையென்றால் சபையில் வயது முதிர்ந்த ஒருவரைக் கேட்டுப் பாருங்கள், அவர்களில் பலர் நீங்கள் நினைப்பதைவிட அதிகமாகக் கேள்விகளோடு வாழ்ந்து வந்தவர்கள். முதல் மாதத்துக்கு யோபுவையும் 88-ஆம் சங்கீதத்தையும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த மூன்று மாதங்கள் அகுஸ்தீனின் முதல் பத்துப் பகுதிகளுக்குச் சரியாக இருக்கும். டக்ளஸை அதன் பிறகு எடுங்கள். இந்த ஆண்டுக்கு அதற்கு மேல் வேண்டாம்.